நவராத்திரிக்கு விற்கும் தேவி மந்திரப் பெட்டி: அட்டை சொல்வது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று

ஆடி வெள்ளி தொடங்கியதும் மும்பை மாட்டுங்கா கிழக்கின் பூஜைச் சாமான் கடைகளில் முன்வரிசைக்கு வந்துவிடும் பொருள் இது. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் பெட்டி, மேலே அம்மன் படம், பக்கவாட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம், பின்னால் சார்ஜ் செய்யும் துளையும் மெமரி கார்டு போடும் இடமும். உள்ளே 16 பதிவுகள், கூடவே 24 பக்கத் தமிழ்க் கையேடு. விலை 650 ரூபாய், கேட்டால் 600. ஒரே அச்சில் வார்த்த பெட்டி வேறு வேறு பெயர்களில் வருவதால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. ‘தேவி வேத மந்திரங்கள்’ என்று அட்டையில் இருந்தால் அதுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நான்கு பதிவுகளுக்காக வாங்கலாம். அட்டையை நம்ப வேண்டாம். இதைக் கேட்டுப் பாடம் பண்ண நினைப்பவர்கள் கையை மடக்கிக்கொள்வது நல்லது.

“எல்லாமே வேத மந்திரம்தான் மாமி, கண்ணை மூடிண்டு வாங்குங்கோ” என்றுதான் கடையில் சொல்வார்கள். 16-இல் வேதத்தில் இடம் உள்ளவை ஏழு (சூக்தம் என்பது வேத மந்திரங்களால் ஆன துதி): காயத்ரி, ராத்ரி சூக்தம், ஸ்ரீ சூக்தம், துர்கா சூக்தம், மேதா சூக்தம், பூ சூக்தம், நீளா சூக்தம். லலிதா சஹஸ்ரநாமம் பிரம்மாண்ட புராணத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஹயக்ரீவர் அகஸ்தியருக்கு உபதேசித்தது. மஹிஷாசுரமர்தினியும் கனகதாராவும் ஸ்தோத்திரங்கள். நவாக்ஷரி, அதாவது ஒன்பது எழுத்து மந்திரம், தந்திர மந்திரம். குருமுகமாக உபதேசம் பெற்றுச் செய்ய வேண்டியது, 108 தடவை ஸ்பீக்கரில் சுற்ற விடுவதற்கானது அல்ல. தேவி அதர்வசீர்ஷம் அதர்வ வேதத்தோடு சேர்த்து எண்ணப்படும் பிற்கால உபநிஷத்து. நவாக்ஷரியையும் பதினைந்து எழுத்து மந்திரமான பஞ்சதசியையும் அது சங்கேதமாகச் சொல்கிறது. இவை எதுவும் தாழ்ந்தவை அல்ல. ஆனால் வேதம் என்று பெயர் போட்டு விற்றால் வாங்குகிறவர் கேள்வி கேட்கத்தான் செய்வார்.

பெரிய கோளாறு மூன்றாவது பதிவில் இருக்கிறது. அட்டையில் ‘தேவி சூக்தம்’. பொத்தானை அழுத்தினால் ‘நமோ தேவ்யை மஹாதேவ்யை’ என்று தொடங்கி ‘யா தேவீ ஸர்வபூதேஷு’ என்று போகிறது. இது மார்க்கண்டேய புராணத்தின் பகுதியான தேவி மாஹாத்மியத்தின் 5-ஆம் அத்தியாயத்தில் தேவர்கள் செய்யும் துதி. தந்த்ரோக்த தேவி சூக்தம் என்று இதற்குப் பெயர் உண்டு, அதனால் ஒரேயடியாகப் பொய் என்று சொல்ல முடியாது. வேதோக்த தேவி சூக்தம், அதாவது வேதத்திலேயே உள்ளது, வேறு. அது ரிக் வேதம் 10-ஆம் மண்டலம், 125-ஆவது சூக்தம். ‘அஹம் ருத்ரேபிர் வஸுபிஶ்சராமி’ என்று தொடங்கும், எட்டு ரிக்குகள் (மந்திரங்கள்). சந்தஸ், அதாவது யாப்பு, இரண்டாவதுக்கு மட்டும் ஜகதி, மற்றவற்றுக்கு த்ரிஷ்டுப். ரிஷி வாக் ஆம்ப்ருணீ என்ற பெண். அவளே வாக்காக நின்று, ருத்திரர்களோடும் வஸுக்களோடும் ஆதித்யர்களோடும் நானே திரிகிறேன், நானே அரசி, செல்வங்களைச் சேர்ப்பவள் என்கிறாள். இதே சூக்தம் சிறு மாற்றங்களோடு அதர்வ வேதம் 4-ஆம் காண்டத்திலும் (4.30) வருகிறது. தேவி வழிபாட்டுக்கு வேதத்தில் எங்கே வேர் என்று யாராவது கேட்டால் முதலில் காட்ட வேண்டிய இடம் இது. ‘தேவி வேத மந்திரங்கள்’ என்று பெயர் வைத்த பெட்டியில் அதுவே இல்லை!

கடையிலேயே சோதித்துவிடலாம். முதல் சொல் ‘அஹம்’ என்றால் ரிக் வேதம், ‘நமோ’ என்றால் புராணம். பத்து வினாடி வேலை. பெட்டியைத் திறந்து போட்டுக் காட்ட மறுக்கிற கடையை விட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

ராத்ரி சூக்தம் அசல்தான்: ரிக் வேதம் 10.127, எட்டு ரிக்குகள், காயத்ரி சந்தஸ். சப்தசதி (தேவி மாஹாத்மியத்தின் இன்னொரு பெயர்) பாராயணத்தில் வேதோக்த சூக்தங்களைக் கொள்கிறவர்கள் இதை முன்னாலும் ‘அஹம் ருத்ரேபி:’யைப் பின்னாலும் சொல்வார்கள், நடுவில் 13 அத்தியாயம். வேதோக்தத்துக்குப் பதில் தந்த்ரோக்த சூக்தங்களைச் சொல்லும் வழக்கமும் உண்டு. எந்த வழக்கமானாலும் ராத்ரி முன், தேவி பின். பெட்டியில் தேவி சூக்தம் மூன்றாவது, ராத்ரி நான்காவது. நவராத்திரியில் பாராயணத்துக்குத் துணையாக இதை ஓட விடுபவர்களுக்கு வரிசையே தலைகீழ். அதோடு, ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் பெட்டி முதல் பதிவிலிருந்துதான் தொடங்கும், விட்ட இடத்தை நினைவில் வைப்பதில்லை. ராத்ரி சூக்தம் வேண்டுமென்றால் மூன்று தடவை தள்ள வேண்டும்.

உச்சரிப்பை எதை வைத்து எடை போடுவது? தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லி ஆறு அளவுகோல் தருகிறது: வர்ணம், ஸ்வரம், மாத்திரை, பலம், ஸாமம், ஸந்தானம். எழுத்து சரியா, ஏற்ற இறக்கம் சரியா, குறில் நெடில் அளவு சரியா, அழுத்தம் சரியா, வேகம் சீராக இருக்கிறதா, சொற்கள் புணரும் இடம் சரியா. வேறு எவரும் இதற்கு மேல் நல்ல பட்டியல் தரப்போவதில்லை.

இந்த அளவில் முதல் மதிப்பெண் துர்கா சூக்தத்துக்கு. இரண்டு பேர் சேர்ந்து, வாத்தியம் எதுவும் இல்லாமல், கிருஷ்ண யஜுர் வேத முறையில் சொல்கிறார்கள். இது தைத்திரீய ஆரண்யகத்தின் 10-ஆம் பிரபாடகத்தில் (பகுதியில்), அதாவது மஹாநாராயண உபநிஷத்தில் வருவது. ஏழு மந்திரம், கடைசியில் ‘காத்யாயனாய வித்மஹே’ காயத்ரி. இரண்டாவது மந்திரத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘துர்காம் தேவீகும் ஶரணமஹம் ப்ரபத்யே’ என்று ‘கும்’ ஒலி வர வேண்டும். ஐந்தாவதில் ‘ப்ருதனாஜிதகும் ஸஹமானம்’. ஶ, ஷ, ஸ, ஹ, ர முன்னால் வரும் அனுஸ்வாரத்தை (‘ம்’ ஒலியை) கிருஷ்ண யஜுர் வேதத்தின் தைத்திரீயக் கிளையினர் இப்படித்தான் சொல்வார்கள். பெட்டியில் இரண்டு இடமும் சுத்தம். ‘தேவீம் ஶரணம்’ என்று வெறும் ‘ம்’ போட்டுச் சொன்னால் பதிவு செய்தவர் புத்தகத்தைப் பார்த்துப் படித்தவர், சந்தை சொல்லி, அதாவது குரு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி, படித்தவர் அல்ல.

இந்தச் சூக்தத்தில் கையேடு சொல்லாமல் விட்ட சங்கதி ஒன்று உண்டு. ஏழில் துர்கா தேவியைப் பெயர் சொல்லிச் சரணடைவது இரண்டாவது மட்டுமே. முதல் மந்திரம் ‘ஜாதவேதஸே ஸுனவாம ஸோமம்’ ரிக் வேதத்தின் 1.99, அந்தச் சூக்தமே இந்த ஒரு ரிக்தான், காச்யபர் கண்டது, தெய்வம் அக்னி. மூன்றாவது 1.189-இல் இருந்து, நான்காவது 5.4-இல் இருந்து, ஆறாவது 8.11-இல் இருந்து வந்தவை. எல்லாமே அக்னி சூக்தங்கள். பெரும்பாலும், படகு ஆற்றைக் கடத்துவதுபோல் எங்களைத் துன்பங்களைக் கடத்திவிடு என்று அக்னியைக் கேட்பவை. அந்த நெருப்பு மந்திரங்களுக்கு நடுவில், நெருப்பின் நிறத்தாளாக, தவத்தால் ஜொலிப்பவளாக தேவி வந்து உட்கார்கிறாள். கையேட்டில் இதற்குப் பதிலாக மஹிஷாசுரன் கதையை அச்சடித்திருக்கிறார்கள். மஹிஷன் இந்தச் சூக்தத்தில் எங்குமே இல்லை.

ஸ்ரீ சூக்தமும் அப்படித்தான் தொடங்குகிறது: ‘ஜாதவேதோ ம ஆவஹ’, அக்னியே, அவளை எனக்கு அழைத்து வா. தொடக்கத்தில் லட்சுமியை நேராகக் கூப்பிடுவதில்லை, நெருப்பின் வழியாகத்தான். ஹோமத்தில் இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பது இதிலிருந்தே புரியும். (‘மமாவஹ’ என்று சொல்லும் பாடமும் உண்டு, உங்கள் வாத்தியார் சொன்னதை விடாதீர்கள்.) ரிக் வேதத்தின் 1,028 சூக்தக் கணக்கில் இது சேராது. கிலம் எனப்படும் பிற்சேர்க்கையில் உள்ளது, ஐந்தாம் மண்டலத்தின் முடிவில் வைத்து ஓதுவார்கள்.

பெட்டியின் மிக மோசமான பதிவும் இதுதான். புல்லாங்குழல், தபேலா, பின்னால் ஏதோ மணிச்சத்தம், நடுவே ஒரு பாடகி ராகம் போட்டுப் பாடுகிறார். குரல் இனிமை. வேத ஸ்வரங்களான உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் மூன்றும் காணாமல் போய்விட்டன. உச்சரிப்பு நூலான பாணினீய சிக்ஷை, கடைசித் தரமாக ஓதுகிறவர் என்று ஆறு பேரைச் சொல்கிறது: பாட்டாகப் பாடுகிறவன், அவசரப்படுகிறவன், தலையாட்டுகிறவன், எழுதியதைப் பார்த்துப் படிக்கிறவன், பொருள் தெரியாதவன், தொண்டை வலுவில்லாதவன். பட்டியலின் முதல் ஆள் இந்தப் பதிவில் இருக்கிறார்! நேரத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். 15 ரிக்கும் பலச்ருதியும் (பலன் சொல்லும் முடிவும்) நிதானமான பாராயணத்தில் ஐந்து ஆறு நிமிடம். பெட்டியில் இது 14 நிமிடம். அதில் ‘பத்மானனே பத்ம ஊரூ’ முதலிய பிற்சேர்க்கைச் சுலோகங்களும், ரிக்குகளோடு இடைவெளி விடாமல் ஒட்டியபடி, அடக்கம்.

இதில் நடைமுறைச் சிக்கல் உண்டு. ‘ஸூக்தம் பஞ்சதஶர்சம்’ என்று 16-ஆவது மந்திரமே சூக்தத்தின் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறது: ரிக் பதினைந்து. ரிக்குக்கு ஓர் ஆஹுதி என்று வீட்டில் ஹோமம் வைப்பவர்கள் பெட்டியை ஓடவிட்டு அதைப் பின்பற்றி நெய் விட்டால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும். ‘ய: ஶுசி: ப்ரயதோ பூத்வா’ காதில் விழுந்ததும் ரிக்குகள் முடிந்தன என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருபவை துதி.

கையேடு இதைவிட ஆபத்து. ஐந்தாவது ரிக்கில் ‘ஶரணமஹம் ப்ரபத்யேऽலக்ஷ்மீர்மே நஶ்யதாம்’ என்று வருகிறது. ‘ப்ரபத்யே’, ‘அலக்ஷ்மீ:’ இரண்டும் புணரும்போது அகரம் மறைகிறது. அது மறைந்திருப்பதைக் காட்டத்தான் ऽ என்ற அவக்ரஹக் குறி. தமிழ்க் கையேட்டில் குறியை விட்டுவிட்டு, இரண்டு சொல்லையும் பிரித்து, ‘ப்ரபத்யே லக்ஷ்மீர்மே நஶ்யதாம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். என் மூதேவி ஒழியட்டும் என்பது என் லட்சுமி ஒழியட்டும் என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றி இதைப் படிக்கிறவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. கையேடு கைக்கு வந்தால் முதல் வேலையாகப் பேனாவை எடுத்து ‘ப்ரபத்யே அலக்ஷ்மீர்மே’ என்று திருத்திவிடுங்கள். அகரத்தை விட்டுச் சொல்லும் பாடம் பழகியவர்கள் குறியை மட்டும் போட்டால் போதும்.

க, ச, ட, த, ப வரிசையின் ஒலி வேறுபாட்டைக் காட்ட 2, 3, 4 என்று மேலெண் போடுவது தமிழ் மந்திரப் புத்தகங்களில் பல காலமாக உள்ள வழக்கம். இந்தக் கையேட்டில் அதுவும் இல்லை. ஶ வர வேண்டிய இடத்தில் ஸ, சில இடத்தில் ச. ஸ்வரக் குறி, அதாவது அடிக்கோடு அனுதாத்தத்துக்கும் மேலே நிற்கும் கோடு ஸ்வரிதத்துக்கும், ஒரு பக்கத்தில்கூட இல்லை. மேலெண்ணும் ஸ்வரமும் இரண்டும் அச்சிட்ட சூக்தப் புத்தகம் அதே கடைகளின் உள் அலமாரியில் மலிவாகக் கிடைக்கும். கையேட்டை ஒதுக்கிவிட்டு அதை வாங்குவது மேல்.

மற்ற வேதப் பதிவுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மேதா சூக்தம் (‘மேதா தேவீ ஜுஷமாணா ந ஆகாத்’, இதுவும் மஹாநாராயணத்தில்) நன்று; பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் காலையில் போட ஏற்றது. பூ சூக்தம் தைத்திரீய ஸம்ஹிதையின் 1.5.3, நன்று. நீளா சூக்தம் 4.4.12-இல் இருந்து, பதிவு பாதியில் மங்கி நின்றுவிடுகிறது. காயத்ரியை சிந்தசைசர் பின்னணியோடு 108 தடவை சுற்றவிட்டிருக்கிறார்கள். அது விச்வாமித்திரர் கண்ட, ஸவிதாவைத் துதிக்கும் ரிக் (3.62.10). அவளை தேவியாக அழைப்பது ‘ஆயாது வரதா தேவீ’ என்று சந்தியாவந்தனத்தில் ஜபத்துக்கு முன் சொல்லும் ஆவாஹனம். அது பெட்டியில் இல்லை. சரஸ்வதிக்கு ரிக் வேதத்தில் 6.61 என்று 14 ரிக்குள்ள முழுச் சூக்தமே இருக்க, நவராத்திரிக்கென்று விற்கும் பெட்டியில் அதைக் காணோம்.

மும்பையில் இன்னொரு குழப்பமும் வரும். பக்கத்து வீட்டு மராத்தி ரிக்வேதிகள் ஸ்ரீ சூக்தம் சொல்லும் விதமும் நம்மூர் யஜுர்வேதிகள் சொல்லும் விதமும் காதுக்கு வேறு வேறாக இருக்கும். ராத்ரி சூக்தப் பதிவு மராத்தி ரிக்வேதிகளின் பாணியில் இருக்கிறது. பழகாத காதுக்கு அது தப்பாகத் தோன்றும், தப்பு இல்லை. சாகை (வேதக் கிளை) வேறு, ஓதும் மரபு வேறு.

கருவியாக இதைப் பார்த்தால், ஸ்பீக்கர் சின்னது. ஆண் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும். இந்த அளவு ஸ்பீக்கர் அங்கே கிட்டத்தட்ட ஊமை. சத்தத்தைக் குறைத்து வைத்தால் முதலில் கரைவது அனுதாத்தம்தான், ஏனென்றால் அது கீழ் ஸ்வரம். சக்கரத்தைப் பாதிக்கு மேல் வைத்துக் கேளுங்கள். முக்காலைத் தாண்டினால் பெட்டியின் பிளாஸ்டிக்கே அதிர ஆரம்பிக்கும். அடியில் மடித்த துணி போட்டால் குறையும். கோப்புகளை மிகவும் சுருக்கியிருப்பதால் க-வுக்கும் க²-வுக்கும் உள்ள மூச்சு வித்தியாசம் மழுங்கிப்போகிறது. பலம் என்ற அளவுகோல் இங்கே அடிபடுகிறது. ‘திரும்பத் திரும்ப’ பொத்தானிலும் ஒரு குறை: பதிவின் கடைசி இரண்டு வினாடியை வெட்டிவிட்டு மறுபடி தொடங்குவதால், முடிவில் சொல்லும் மூன்று ‘சாந்தி’யில் மூன்றாவது காதில் விழாது. அதைத் தவிர்க்கப் பொத்தானை அணைத்து வரிசையாக ஓட விடலாம்.

சார்ஜ் ஏறவில்லை என்று பலர் திருப்பிக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் பழுது பெட்டியில் இல்லை, கேபிளில். இருபுறமும் சி முனை உள்ள புதுக் கேபிளைச் செருகினால் இந்த மலிவுப் பெட்டிகள் சார்ஜரிடம் மின்சாரம் கேட்கத் தெரியாமல் சும்மா இருக்கும். அதற்கான சின்ன ரெசிஸ்டர்களை உள்ளே வைக்காமல் மிச்சம் பிடித்திருப்பார்கள். ஒருபுறம் பழைய தட்டை முனை உள்ள கேபிளும் 5 வோல்ட் சாதாரண சார்ஜரும் போட்டால் ஏறும். குத்துவிளக்கிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள்; உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. குங்குமமும் விபூதியும் ஸ்பீக்கர் வலையில் படிந்தால் சத்தம் அடைக்கும், காய்ந்த பல் துலக்கும் பிரஷ் போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை ஈரத்தில் சத்தச் சக்கரம் கரகரக்கும். பெட்டியை அணைத்துவிட்டு, சக்கரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருபது தடவை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும்.

பாடம் பண்ணுவதைப் பற்றி மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். சந்தையில் குரு ஒரு தடவை சொன்னால் சிஷ்யர் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும், முதலில் பாதமாக, பிறகு அரை ரிக்காக, பிறகு முழு ரிக்காக. பெட்டியில் அந்த இடைவெளியே கிடையாது, நீங்கள் தப்பாகச் சொன்னால் நிறுத்தித் திருத்தவும் அதற்குத் தெரியாது. காதில் ஊற மட்டும் உதவும், அதுவும் துர்கா, ராத்ரி, மேதா, பூ நான்கிலும்.

வாங்கியாகிவிட்டது என்றால் பெட்டியைக் காப்பாற்ற வழி மெமரி கார்டு. 32 ஜிபிக்கு மேற்படாத கார்டை கணினியில் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். உங்கள் வாத்தியார் சொல்லி, நீங்கள் அனுமதி கேட்டுப் பதிவு செய்த ராத்ரி சூக்தம், ஸ்ரீ சூக்தம், துர்கா சூக்தம், ‘அஹம் ருத்ரேபி:’ நான்கையும் எம்பி3 ஆக்கி அதில் போடலாம். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் மூன்று வினாடி வெற்றிடம் விட்டால் சாந்தி வெட்டுப்படாது. இந்தப் பெட்டி கோப்பின் பெயரைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை, எது முதலில் கார்டில் ஏறியதோ அதையே முதலில் ஓட்டும். நான்கையும் சேர்த்து இழுத்துப் போடாமல் ராத்ரியில் தொடங்கி ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள், ‘அஹம் ருத்ரேபி:’ கடைசி. நடுவில் ஒன்றை மாற்ற வேண்டி வந்தால் கார்டை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.